‘வரிசையின் கடைசியில்’: 2016இல் ஒபாமா பிரிட்டனுக்குச் சொன்னது அறிவுரையா, மிரட்டலா?

வினா:

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவது குறித்து 2016ஆம் ஆண்டு ஜூன் 23 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பைப் பற்றிப் படித்து வருகிறேன். அதற்கு இரண்டு மாதங்கள் முன்பு, ஏப்ரல் 22 அன்று, இலண்டனில் பிரதமர் டேவிட் கேமரனுக்கு அருகில் நின்று அமெரிக்க அதிபர் ஒபாமா சொன்ன ஒரு சொல் என்னை உறுத்துகிறது. ஒன்றியத்தை விட்டு வெளியேறினால், அமெரிக்காவுடன் தனி வணிக ஒப்பந்தம் செய்துகொள்ளப் பிரிட்டன் வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டியிருக்கும் என்றார். அதே நாளில் டெலிகிராப் நாளிதழில் வெளிவந்த அவருடைய கட்டுரையோ, ஐரோப்பியக் கல்லறைகளில் துயிலும் அமெரிக்கர்களை நினைவூட்டி, நண்பன் என்ற உரிமையில் பேசியது.

தம் நாட்டின் எதிர்காலத்தைத் தாமே முடிவு செய்யவிருக்கும் மக்களிடம் வேறொரு நாட்டின் தலைவர் இப்படிப் பேசலாமா? கூடாது என்றே எனக்குத் தோன்றுகிறது. தன் சட்டங்களுக்கு மேலாக வெளியார் நீதிமன்றம் ஒன்றை அமெரிக்கா ஒருநாளும் ஏற்காது, அப்படியிருக்க ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டிருக்கும்படி பிரிட்டனுக்குப் பரிந்துரைப்பது என்ன நியாயம் என்று விலகல் தரப்பினர் கேட்டதற்கு நேரான பதில் கிடைத்ததாகவும் தெரியவில்லை. மாற்றுக் கருத்துள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி 1:

இங்கே இரண்டு செய்திகள் ஒன்றாகக் கலந்துவிட்டன என்று நினைக்கிறேன். பிரிட்டனுக்கு எது நல்லது என்று சொல்வது அறிவுரை. அதைக் கேட்பதும் தள்ளுவதும் அம்மக்களின் உரிமை. ஆனால் அமெரிக்கா என்ன செய்யும் என்று சொல்வது தகவல். அதைச் சொல்ல அமெரிக்க அதிபரைவிடத் தகுதியானவர் யார்? விலகினாலும் கவலையில்லை, அமெரிக்காவுடன் விரைவாகத் தனி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம் என்று விலகல் தரப்பினர்தான் முதலில் அமெரிக்காவின் பெயரால் வாக்குறுதி கொடுத்தார்கள். அமெரிக்கா செய்யப்போவதைப் பற்றி மற்றவர்கள் பேசும்போது அதை அமெரிக்க அதிபரிடமிருந்தே கேட்க நீங்கள் விரும்பக்கூடும் என்று ஒபாமாவும் அன்று காரணம் சொன்னார். 2013 முதல் அமெரிக்கா ஐரோப்பிய ஒன்றியம் முழுவதோடும் வணிக ஒப்பந்தப் பேச்சு நடத்திக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 50 கோடி மக்கள் கொண்ட சந்தையோடு தொடங்கிய பேச்சை நிறுத்திவிட்டு, 6.5 கோடி மக்கள் கொண்ட ஒரு நாட்டுக்கு எந்த அரசும் முன்னுரிமை தராது.

என்னை வருத்துவது எதிர்த்தரப்பு அதை எதிர்கொண்ட விதம். இலண்டன் மேயராக இருந்த போரிஸ் ஜான்சன் அன்று சன் நாளிதழில் எழுதிய கட்டுரையில், வெள்ளை மாளிகை அலுவலகத்திலிருந்து சர்ச்சிலின் மார்பளவுச் சிலை அகற்றப்பட்டதைக் குறிப்பிட்டு, ‘பாதிக் கென்யரான’ அதிபருக்குப் பிரித்தானியப் பேரரசின்மீது பரம்பரை வெறுப்பு இருப்பதன் அடையாளம் அது என்று சிலர் சொல்வதாக எழுதினார். இன்னொரு சர்ச்சில் சிலை தம் இல்லப் பகுதியில் அன்றாடம் தம் கண்ணில் படும் இடத்தில் இருக்கிறது என்றும், அலுவலகத்தில் மார்ட்டின் லூதர் கிங் சிலையை வைக்க விரும்பினேன் என்றும் ஒபாமா பொறுமையாக விளக்கினார். வாதத்துக்குப் பதில் சொல்லாமல் பேசியவரின் பிறப்பைத் தொட்டுப் பேசியதை, அதே பேரரசின் கீழ் வாழ்ந்தவர்களின் வழித்தோன்றல்களான நம்மால் எளிதில் கடந்துபோக முடியாது.

அடுத்த மாதமே, வேட்பாளராக இருந்த டிரம்ப், தாம் அதிபரானால் பிரிட்டன் வரிசையின் கடைசிக்குப் போகாது என்று சொன்னார். அதுவும் வெளியாரின் தலையீடுதானே? அதை யாரும் இதே வேகத்தில் கண்டித்ததாக எனக்கு நினைவில்லை.

மறுமொழி 2:

நான் அப்போது கிழக்கு இலண்டனில் இந்தியக் கடவுச்சீட்டோடு வசித்து வந்தேன். காமன்வெல்த் நாட்டவர் என்ற வகையில் எனக்கு அந்த வாக்கெடுப்பில் வாக்குரிமை இருந்தது. எதிர்வீட்டில் பல ஆண்டுகளாக வரி செலுத்தி வாழ்ந்த போலந்துக்காரருக்கு இல்லை. அந்த அநீதியின் பாரத்தோடுதான் ஒன்றியத்தில் நீடிப்பதற்கு வாக்களித்தேன்.

ஆனாலும் ஒபாமாவின் சொல் எங்கள் தரப்புக்கு உதவவில்லை என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். அதற்கு நான்கு நாள்கள் முன்புதான் பிரிட்டன் நிதியமைச்சகம், விலகினால் 2030 வாக்கில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆண்டுக்கு 4,300 பவுண்டு இழப்பு என்று கணக்கு வெளியிட்டிருந்தது. எச்சரிக்கை மேல் எச்சரிக்கையாகக் கேட்டுச் சலித்திருந்தவர்களுக்கு இதுவும் அச்சுறுத்தலாகவே ஒலித்தது. வரிசைக்கு அவர் பயன்படுத்திய ‘க்யூ’ என்ற ஆங்கிலச் சொல்லும் சந்தேகத்தைக் கிளப்பியது. அமெரிக்கர்கள் ‘லைன்’ என்பார்கள், ‘க்யூ’ என்பது பிரிட்டன் வழக்கு. ஆகவே பிரதமர் அலுவலகமே எழுதிக் கொடுத்திருக்கிறது என்றார்கள். அங்கே வரிசை என்பது வெறும் ஒழுங்கன்று, மானத்தோடு சேர்ந்தது. முறைதவறி இடையில் நுழைந்தவரைத்தான் கடைசிக்குப் போகச் சொல்வார்கள். பழைய நண்பன் வாயிலிருந்து அதைக் கேட்டபோது, நீடிக்க விரும்பிய என் சக ஊழியர்களே முகம் சுளித்தார்கள். முடிவு 51.9 விழுக்காடு விலகலுக்கு வந்தது. அந்த ஒரு சொல்தான் அதை நிகழ்த்தியது என்று நான் சொல்லவில்லை.

மறுமொழி 3:

அந்த வரிசையே பின்னர் கலைந்துபோனது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒபாமாவுக்கு அன்று எஞ்சியிருந்தது ஒன்பது மாதப் பதவிக்காலம். 2017 ஜனவரியில் டிரம்ப் வந்தபின் ஐரோப்பிய ஒன்றியத்துடனான அந்தப் பேச்சு முன்னேறவே இல்லை. பிரிட்டனுடன் 2020 மே மாதம் தொடங்கிய பேச்சும் முழு ஒப்பந்தமாக முடியவில்லை. 2025 மே 8 அன்று அறிவிக்கப்பட்ட உடன்பாட்டில்கூடப் பெரும்பாலான பொருள்களுக்கு 10 விழுக்காடு அமெரிக்கச் சுங்கவரி அப்படியே இருந்தது. ஆண்டுக்கு ஒரு இலட்சம் கார்களுக்கு மட்டும் வரி 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் அதன்பின் ஜூலையில் 15 விழுக்காட்டுக்கு உடன்பட்டதால், பிரிட்டன் முந்திக்கொண்டது என்று விலகல் தரப்பினர் சொல்லலாம். ஆனால் அது வரிச்சலுகை. 2016இல் மக்களிடம் சொல்லப்பட்ட தடையற்ற வணிக ஒப்பந்தம் அன்று. ஒபாமா பேசியது தவறில்லை. தமக்குப் பின் வருபவரையும் கட்டுப்படுத்தும் உறுதியோடு பேசியதுதான் தவறு.

வினவியவர்:

மூவருக்கும் நன்றி. அறிவுரைக்கும் தகவலுக்கும் உள்ள வேறுபாட்டை ஏற்றுக்கொள்கிறேன். அவர் பேசியிருக்கவே கூடாது என்ற என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். ஆயினும் போட்டியில் நீடிப்புத் தரப்பின் தலைவராக இருந்த கேமரனின் பக்கத்தில் நின்று சொல்லியிருக்க வேண்டியதில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். 2014 ஜூனில், பிரிட்டனிலிருந்து பிரிவது குறித்த ஸ்காட்லாந்து வாக்கெடுப்புக்கு முன்பு, பிரஸ்ஸல்ஸில் அதே கேமரனோடு நின்றபோது, வலுவான, ஒன்றுபட்ட பிரிட்டனையே அமெரிக்கா விரும்புகிறது, முடிவு அங்குள்ள மக்களுடையது என்ற அளவில் ஒபாமா நிறுத்திக்கொண்டார். அங்கே அமெரிக்காவின் விருப்பத்தைச் சொன்னார். விலகுவோருக்கு நேரப்போவதைச் சொல்லவில்லை.