கணவன் மனைவி இருவரும் ஒரே மாதிரி உயில்: ஒரே பத்திரமா, இரண்டா?

காவிரிக்கரை எழுதியது:

எனக்கு 58 வயது, அவருக்கு 63. இருவரும் ஓய்வு பெற்றுவிட்டோம், பிள்ளைகள் இல்லை. திருச்சியில் ஒரு வீடு, இரண்டு பேர் பெயரிலும் கிரயமானது. லால்குடி பக்கம் என் அப்பா காலமானபின் என் பங்குக்கு வந்த கொஞ்சம் நஞ்சை இருக்கிறது. மற்றபடி வங்கி டெபாசிட்டும் என் நகையும்தான். யார் முன்னால் போனாலும் எல்லாம் மற்றவருக்கு, இருவர் காலத்துக்கும் பிறகு பாதி என் அக்கா மகனுக்கு, பாதி அவர் தம்பி மகளுக்கு என்று பேசி முடித்துவிட்டோம். அதில் எங்களுக்குள் பிரச்சினை ஒன்றும் இல்லை.

பத்திரம் எழுதுபவர், "ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே உயிலா எழுதிடலாம்மா, செலவும் ஒண்ணுதான்" என்கிறார். அவர் கொடுத்த வரைவில் "எங்களில் உயிருடன் இருப்பவர் சர்வ சுதந்திர பாத்தியமாய், தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய் ஆண்டு அனுபவித்து, அவர் காலத்துக்குப் பின்..." என்று போகிறது, அதாவது தானம் கொடுக்க, மாற்றிக்கொள்ள, விற்க எல்லா உரிமையும் உண்டாம். என் வீட்டுக்காரரோ, நமக்குப் பிள்ளைகுட்டி இல்லை, தானாகவே ஒருத்தருக்கு ஒருத்தர் வந்துவிடப் போகிறது, உயிலே எதற்கு என்கிறார். மாமியார் இருக்கிறார், 86 வயது. நாங்கள் இந்து. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

கோர்ட்டுவாசல் எழுதியது:

முதலில் சாரிடம் சொல்லுங்கள், தானாக வராது. 1956 வாரிசுரிமைச் சட்டப்படி இந்து ஆண் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, பிள்ளைகள், தாயார் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள், சம பங்கு. உங்களுக்குப் பிள்ளைகள் இல்லாததால் அவர் பங்கில் பாதி உங்களுக்கு, பாதி மாமியாருக்கு. மாமியார் காலத்துக்குப் பின் அந்தப் பாதி அவருடைய மற்ற பிள்ளைகளுக்குப் போகும். அப்புறம் வீட்டை விற்க வேண்டுமென்றால் கொழுந்தனார், நாத்தனார் எல்லோரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். வீடு கூட்டாக இருப்பதால் முழுவதும் உங்களுக்கு வந்துவிடும் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அது தப்பு.

பெண்கள் விஷயம் இதைவிட மோசம். 15வது பிரிவைப் படித்துப் பாருங்கள். அப்பா அம்மா வழியில் வாரிசாக வந்த சொத்து, பிள்ளைகள் இல்லாத பட்சத்தில் அப்பாவின் வாரிசுகளுக்கே திரும்பிப் போகும். அதாவது உயில் இல்லாமல் நீங்கள் முன்னால் போனால் லால்குடி நஞ்சையில் உங்கள் கணவருக்கு ஒரு சென்ட் கூட வராது. மற்ற சொத்துகளுக்குக் கணவர் வாரிசு, அவர் இல்லையென்றால் கணவருடைய வாரிசுகள், பெற்றோர் அவர்களுக்கும் பிறகுதான். நீங்களே சம்பாதித்ததாக இருந்தாலும் இதேதான். 2009-ல் உச்ச நீதிமன்றம் ஓம்பிரகாஷ் எதிர் ராதாசரண் வழக்கில் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. கல்யாணமாகி மூன்று மாதத்துக்குள் கணவனை இழந்து, மாமியார் வீட்டிலிருந்து விரட்டப்பட்டு, பிறந்த வீட்டார் படிக்க வைத்து வேலைக்குப் போன பெண் அவர். அவர் சேர்த்த பணம் கடைசியில் புகுந்த வீட்டாருக்குப் போனது, உயில் இல்லாத ஒரே காரணத்தால். உங்கள் அக்கா மகனுக்கு ஏதாவது போய்ச் சேர வேண்டுமென்றால் உயில் எழுதியே ஆக வேண்டும்.

---

மேலவீதி எழுதியது:

கூட்டு உயில் வேண்டாம் அக்கா. எங்கள் பெரியப்பாவும் பெரியம்மாவும் அப்படித்தான் ஒரே பத்திரமாக எழுதிப் பதிவு செய்தார்கள். பெரியப்பா போனபின் பெரியம்மாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்டது அவர் தங்கை மகள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுப்பது வரை எல்லாம் அவள்தான். உயிலில் பெயர் இருந்த பையன் பொங்கலுக்குக்கூட எட்டிப் பார்க்கவில்லை. பெரியம்மா புது உயில் எழுதி அதையும் பதிவு செய்தார். அவர் கண் மூடியதும் அந்தப் பையன் பழைய உயிலை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனான், "இருவரும் ஒப்புக்கொண்டு எழுதியது, ஒருவர் இறந்தபின் மாற்ற முடியாது" என்று. வழக்கு இன்னும் நடக்கிறது, வீடு பூட்டியே கிடக்கிறது.

அவன் வாதம் சும்மா கிளப்பியதும் இல்லையாம். யாரும் தன் உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பது பொது விதி. ஆனால் மாற்ற மாட்டோம் என்ற ஒப்பந்தத்தோடு இருவர் எழுதி, ஒருவர் இறந்து, மற்றவர் அதன்படி சொத்தை அனுபவித்துவிட்டால் அவர் கட்டுப்பட்டவர் என்று 1986-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதாக எங்கள் வக்கீல் காட்டினார். உங்கள் வரைவில் அப்படி ஒப்பந்தம் இருக்கிறதா இல்லையா என்பதை நீங்கள் இருவரும் போனபிறகு வேறு யாரோ வாதாடிக்கொண்டிருப்பார்கள்.

---

இரண்டாம்_இன்னிங்ஸ் எழுதியது:

மேலே சொன்னது சரிதான், ஆனால் எல்லோருக்கும் பொருந்தாது. எனக்கு இது மறுமணம், அவருக்கும்தான். ஆளுக்கொரு பிள்ளை. நான் போனபின் அவர் மனம் மாறினால் என் மகள் நடுத்தெருவில் நிற்பாள், அவர் பக்கமும் அதே பயம். எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடுதான் தேவை. மாற்றக் கூடாது என்பதை மறைமுகமாக விடாமல் வெளிப்படையாகவே எழுத வைத்தோம்.

ஆயுள் வரை அனுபவம் மட்டும் மனைவிக்கு, பிறகு பிள்ளைக்கு என்று எழுதலாமே என்று சிலர் யோசனை சொன்னார்கள். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜீவனாம்ச உரிமைக்குப் பதிலாகக் கொடுத்த சொத்து என்று ஆகிவிட்டால் அதே வாரிசுரிமைச் சட்டத்தின் 14வது பிரிவின்படி அது மனைவிக்கே முழு உரிமையாகிவிடலாம், 1977-ல் உச்ச நீதிமன்றம் துளசம்மா வழக்கில் அப்படிச் சொன்ன பிறகு இந்த வாதம் வராத கோர்ட்டே இல்லை. நல்ல சிவில் வக்கீலிடம் கொடுத்து எழுதுங்கள், டைப் அடிப்பவரிடம் விடாதீர்கள்.

---

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நஞ்சை விஷயத்தைக் கேட்டதும் அவர் வாயே திறக்கவில்லை, உயில் எழுதலாம் என்று சொல்லிவிட்டார். சரி, தனித்தனியாக என்றால் அந்த வாசகத்தை எப்படி மாற்றுவது? இருவரும் ஒரே விபத்தில் போய்விட்டால்?

---

கோர்ட்டுவாசல் எழுதியது:

உங்கள் வரைவில் உள்ள கோளாறே அந்த வாசகம்தான். தானாதி விக்கிரய யோக்கியமாய் என்று முழு உரிமையைக் கொடுத்துவிட்டு, அதே சொத்தை "அவர் காலத்துக்குப் பின் இன்னாருக்கு" என்றால் இரண்டாவது பகுதி செல்லாமல் போய்விடும், கொடுத்ததைத் திரும்ப எடுத்துக் கொடுக்க முடியாது.

இரண்டு உயில்களிலும் ஒரே அமைப்பாக இப்படி எழுதச் சொல்லுங்கள்: "என் எல்லாச் சொத்தும் என் கணவருக்கு முழு உரிமையாக. அவர் எனக்கு முன்பே இறந்திருந்தாலோ, நான் இறந்த 30 நாட்களுக்குள் இறந்தாலோ, பாதி இன்னாருக்கு, பாதி இன்னாருக்கு." அவருடையதில் மனைவி என்று வரும். மாற்று ஆள் பெயர் கட்டாயம் வேண்டும், வாங்க வேண்டியவர் முன்பே போய்விட்டால் அந்தக் கொடை விழுந்துவிடும், அப்புறம் உயிலே இல்லாத கதைதான். 30 நாள் எதற்கென்றால், யார் முதலில் இறந்தார் என்று தெரியாத விபத்தில் வயதில் சிறியவர் பிந்தி இறந்ததாக அதே வாரிசுரிமைச் சட்டத்தின் 21வது பிரிவு வைத்துக்கொள்கிறது. உங்கள் விஷயத்தில் அது நீங்கள். அந்த வரி இருந்தால் இருவர் சொத்தும் நேரே அக்கா மகனுக்கும் தம்பி மகளுக்கும் போய்விடும். "இனிமேல் எனக்குச் சேரும் சொத்துகளும்" என்ற வரியையும் விடாதீர்கள், அவரிடமிருந்து உங்களுக்கு வருவதும் அதில் தெளிவாக அடங்கிவிடும்.

தனித்தனி என்றால் கடைசியில் இருப்பவர் மாற்றி எழுதலாம், அதற்கு இருவரும் சம்மதமா என்று ஒருமுறை பேசிக்கொள்ளுங்கள்.

செலவைப் பற்றிக் கவலை வேண்டாம், உயிலுக்கு முத்திரைத் தாளே தேவையில்லை. பதிவும் கட்டாயம் இல்லை, ஆனாலும் செய்துவிடுங்கள். இரண்டு சாட்சிகள் வேண்டும், உங்களைவிட இளையவர்களாக, உள்ளூரிலேயே இருப்பவர்களாகப் பாருங்கள். பதிவு செய்திருந்தாலும் தகராறு வந்தால் ஒரு சாட்சியாவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டியிருக்கும்.

---

மேலவீதி எழுதியது:

அக்கா மகனையும் தம்பி மகளையும் சாட்சி போட வேண்டாம். வங்கியில் நாமினி பெயரையும் பார்த்துக்கொள்ளுங்கள். நாமினி பணத்தை வாங்கலாம், அதனால் உரிமையாளர் ஆகிவிட மாட்டார், ஆனால் உயிலில் ஒரு பெயர் நாமினியில் வேறு பெயர் என்று இருந்தால் கவுண்டரிலேயே சண்டை ஆரம்பித்துவிடும்.