நியூ வேகஸில் ரிப்பேர் மாட்: ஆர்மர் கிட் போதுமா, உதிரிபாக மாட் வேண்டுமா? இரண்டையும் போட்டதும் கிட் காணவில்லை

வெயில்_கூரியர்

ஃபால்அவுட் நியூ வேகஸ் வீடியோ கேம், ஸ்டீம் பதிப்பு, நான்கு பெரிய டிஎல்சியும் (கூடுதல் பகுதிகள்) இருக்கிறது. ஹார்ட்கோர் மோடு. லெவல் 12, ரிப்பேர் 65.

வால்ட் 34 என்ற பதுங்கிடத்தில் இருந்து ஆல்-அமெரிக்கன் எடுத்துவிட்டேன். அருமையான துப்பாக்கிதான், ஆனால் அதை ரிப்பேர் செய்ய மார்க்ஸ்மன் கார்பைன் வேண்டும் என்கிறது. கன் ரன்னர்ஸ் கடையில் அதன் விலையைப் பார்த்தால் புதிதாக ஒரு ஊரே வாங்கிவிடலாம் போல. என்சிஆர் படை ஆட்களிடம் சேர்ந்த 5.56 சர்ப்ளஸ் தோட்டா மூட்டை மூட்டையாக இருக்கிறது, அதைத்தான் சுடுகிறேன். ஒரு சண்டை முடிந்து பிப்-பாயை (கையில் கட்டும் கணினி, ஆட்டத்தின் மெனு) திறந்தால் கண்டிஷன் பட்டை கண்ணுக்குத் தெரியக் குறைந்திருக்கிறது. காம்பாட் ஆர்மரும் அதே கதை, அதைச் சரிசெய்ய இன்னொரு காம்பாட் ஆர்மருக்கு எங்கே போவது?

இரண்டு வகை மாட் (ஆட்டத்தை மாற்ற ரசிகர்கள் செய்யும் சேர்க்கை) பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, வெப்பன் ரிப்பேர் கிட் மாதிரியே ஆர்மருக்கும் ஒரு கிட் சேர்ப்பது. இன்னொன்று, பழைய பொருட்களைப் பிரித்து உதிரிபாகமாக்கி அதை வைத்து எதையும் சரிசெய்வது. முதலில் கிட் மாட் மட்டும் போட்டேன், சில கடைகளில் விற்பனைக்கு வந்தது. உதிரிபாக மாட்டை அதற்குக் கீழே சேர்த்த பிறகு எந்தக் கடையிலும் ஆர்மர் கிட் வருவதில்லை. எது நல்லது, இரண்டும் சேர்ந்து ஓடுமா?

இரும்புக்கடை

உதிரிபாக மாட்டுக்கே என் ஓட்டு. ஆல்டர்நேட்டிவ் ரிப்பேரிங் வகை மாட்களை நான் ஒவ்வொரு ஆட்டத்திலும் வைத்துக்கொள்வேன். சாதாரண ஆட்டத்தில் டின், குக்கர், வாக்குவம் கிளீனர் எல்லாம் குப்பைதான், யாரும் குனிந்துகூடப் பார்க்க மாட்டார்கள். இந்த மாட் போட்டால் ஒவ்வொரு இடிந்த வீட்டுக்குள்ளும் நுழையக் காரணம் கிடைக்கும். உலகமே அழிந்து கிடக்கிறது, அங்கே ஒருவன் ஸ்பேனரும் தகரமும் பொறுக்கித்தானே பிழைப்பான்.

ஆனால் ஹார்ட்கோர் என்கிறீர்கள். தோட்டாவுக்கே எடை இருக்கும் மோடு அது. அதற்கு மேல் இரும்பையும் மின்சாமான்களையும் சுமந்தால் பாதி நேரம் நடக்கவே முடியாது. மோட்டல் அறையில் ஒரு பெட்டியைக் குடோனாக வைத்துக்கொள்ளுங்கள், நோவாக்கில் அறை கிடைக்கும்.

பிப்பாய்_பாண்டி

எனக்கு இதில் உடன்பாடில்லை அண்ணே. உதிரிபாக மாட் போட்டால் பத்து நிமிடம் சண்டை, இருபது நிமிடம் மெனு. இவருக்குத் துப்பாக்கி பிரச்சினையே இல்லை, அதற்கு ஆட்டத்திலேயே வழி இருக்கிறது. ரிப்பேர் 50 இருந்தாலே ஒர்க்பெஞ்சில் வெப்பன் ரிப்பேர் கிட் செய்யலாம். டக்ட் டேப், வண்டர்குளூ, ஸ்க்ராப் மெட்டல், ஸ்க்ராப் எலக்ட்ரானிக்ஸ், ஒரு ரெஞ்ச். எந்தத் துப்பாக்கியைக் கையில் பிடித்திருக்கிறோமோ அது சரியாகும், மார்க்ஸ்மன் கார்பைன் தேடி அலைய வேண்டாம். ஆர்மருக்குத்தான் அப்படி ஒன்று ஆட்டத்தில் கிடையாது. அந்த ஓட்டையை அடைக்க ஆர்மர் கிட் மாட் ஒன்று போதும். இவ்வளவு சின்ன ஓட்டைக்கு முழு ரிப்பேர் முறையையே மாற்றும் மாட் எதற்கு?

இரும்புக்கடை

ரெஞ்ச் கிடைக்காமல் நாக்குத் தள்ளியது மறந்துவிட்டதா பாண்டி? கிட் செய்யப் போனால் நாலு சாமான் கையில் இருக்கும், ஐந்தாவது இருக்காது. அதற்கும் பொறுக்கத்தான் வேண்டும்.

லோட்_ஆர்டர்_வாத்தியார்

சண்டை அப்புறம். முதலில் கிட் ஏன் காணாமல் போனது என்று பார்ப்போம்.

கடைக்காரர் சரக்கு வருவது லெவல்டு லிஸ்ட் என்ற பட்டியலில் இருந்து. இரண்டு மாட்களும் ஒரே பட்டியலைத் தொட்டால் ஆட்டம் இரண்டையும் கூட்டிப் பார்க்காது, லோட் ஆர்டரில் (மாட்கள் ஏறும் வரிசை) கடைசியாக வருவது சொன்னதுதான் சட்டம். கீழே இருக்கும் உதிரிபாக மாட் தன் பட்டியலை வைத்துவிட்டது, மேலே இருந்த கிட் மாட்டின் வரி அடிபட்டுப் போனது. நீங்கள் சொன்ன அறிகுறிக்கு இது அப்படியே பொருந்துகிறது.

எஃப்என்விஎடிட் என்ற மாட் திருத்தும் கருவியில் இரண்டையும் சேர்த்துத் திறந்து லெவல்டு ஐட்டம் பகுதியைப் பாருங்கள். மோதும் பதிவுகள் சிவப்புப் பின்னணியில் தெரியும். அந்தப் பதிவை வலது கிளிக் செய்து, புதிய பிளகின் (மாட் கோப்பு) ஒன்றுக்கு ஓவர்ரைடாகக் காப்பி எடுத்து, விட்டுப்போன கிட் வரியை அதற்குள் இழுத்துப் போட்டு, அந்தப் பிளகினை லோட் ஆர்டரில் கடைசியாக வையுங்கள். கையால் செய்யப் பிடிக்கவில்லை என்றால் ரை பாஷ் என்ற கருவி மூலம் பாஷ்டு பேட்ச் போட்டால் பட்டியல்களை அதுவே சேர்க்கும், ஆனால் இரண்டு வரிக்காக அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

பேட்ச் போட்ட உடனே கடைக்கு ஓடாதீர்கள். சேவில் இருக்கும் கடையின் சரக்கு ஏற்கெனவே முடிவாகிவிட்டது, அது மாறுவதற்கு ஆட்ட நேரத்தில் மூன்று நாள் போல ஆக வேண்டும். வேறு எங்காவது போய்க் காத்திருந்துவிட்டு வாருங்கள். இது தெரியாமல்தான் பாதிப் பேர் மாட் வேலை செய்யவில்லை என்று நீக்கிவிடுகிறார்கள்.

உதிரிபாக மாட் எக்ஸ்என்விஎஸ்இ (மாட்களின் ஸ்க்ரிப்ட் வசதியைக் கூட்டும் துணை நிரல்) கேட்கிறதா என்றும் பாருங்கள். கேட்டால், 4ஜிபி பேட்சர் (ஆட்டத்துக்குக் கூடுதல் மெமரி தரும் கருவி) போட்டிருந்தால் அது தானாக ஏறிக்கொள்ளும், இல்லையென்றால் அதன் லோடர் வழியாகத்தான் ஆட்டத்தைத் தொடங்க வேண்டும்.

இப்போது எது நல்லது என்ற கேள்வி. எதையும் சேர்ப்பதற்கு முன் சர்ப்ளஸ் தோட்டாவை விடுங்கள். சர்ப்ளஸ் மலிவாகக் கிடைப்பதற்கு விலை அதுதான், துப்பாக்கியை வேகமாகத் தேய்க்கும். எனர்ஜி ஆயுதத்தில் ஓவர்சார்ஜ், மேக்ஸ் சார்ஜ் போடுபவர்களுக்கும் இதே தொல்லைதான். ஒரு மேகசின் சர்ப்ளஸ், ஒரு மேகசின் சாதாரண 5.56 சுட்டுவிட்டுப் பட்டையைப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

அடுத்தது, பட்டை நூறில் நிற்க வேண்டியதே இல்லை. துப்பாக்கி 75 சதவீதத்துக்குக் கீழே போகும்வரை அடி குறையாது. ஆர்மர் 50-க்குக் கீழே போகும்வரை அதன் டிடி (அடியைத் தடுக்கும் அளவு) குறையாது. ஃபால்அவுட் 3 ஆடிப் பழகியவர்களுக்குப் பட்டை கொஞ்சம் இறங்கினாலே கை பதறும். விற்கும்போது மட்டும் கண்டிஷனுக்குத் தகுந்த விலை, அவ்வளவுதான்.

வெயில்_கூரியர்

75, 50 கணக்கு எனக்குப் புதுச் செய்தி. அப்படியானால் நான் பாதி காப்ஸை (ஆட்டத்துக் காசு) மோஹாவே அவுட்போஸ்ட்டில் மேஜர் நைட்டிடம் ரிப்பேருக்காகத் தேவையில்லாமல் கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

லெவல் 14-இல் ஜூரி ரிக்கிங் என்ற பெர்க் (ஓரளவு ஒத்த பொருளை வைத்தே சரிசெய்யும் சிறப்புத் திறன்) எடுக்கலாம் என்று யோசனை இருந்தது. ரிப்பேர் 90 வேண்டுமே, அது எட்டுமா? எட்டினால் மாட் எதற்கு என்றும் தோன்றுகிறது.

பிப்பாய்_பாண்டி

எட்டும் தம்பி. இரண்டு லெவல் புள்ளிகளையும் ரிப்பேரில் கொட்டுங்கள், டீன்ஸ் எலக்ட்ரானிக்ஸ் புத்தகம் கிடைத்தால் ஒன்றுக்கு மூன்று புள்ளி, காம்ப்ரிஹென்ஷன் பெர்க் இருந்தால் நான்கு. 14-இல் முடியாவிட்டால் 16-இல் எடுங்கள். ஒன்றும் ஓடிப்போய்விடாது.

அந்தப் பெர்க்கின் விளக்கமே ட்ரெயில் கார்பைனை ஹண்டிங் ரைஃபிள் வைத்துச் சரிசெய், பவர் ஆர்மரை மெட்டல் ஆர்மர் வைத்துச் சரிசெய், எப்படி என்று உனக்கு மட்டும்தான் தெரியும் என்று சொல்லும். பவர் ஆர்மர் போடப் போகிறவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

லோட்_ஆர்டர்_வாத்தியார்

ஜூரி ரிக்கிங் எடுப்பதாக இருந்தால் உதிரிபாக மாட்டைக் கழற்றிவிடுங்கள் என்பேன். ஒரே வேலையை இரண்டும் செய்யும், அப்புறம் அந்தப் பெர்க் வீண். ஆர்மர் கிட் மாட் மட்டும் இருக்கட்டும், லெவல் 14 வரை தாக்குப்பிடிக்க. அதிலும் கிட் எவ்வளவு மலிவு என்று பாருங்கள். தெருவுக்குத் தெரு நூறு காப்ஸுக்குக் கிடைத்தால் ரிப்பேர் திறமைக்கே அர்த்தமில்லை. எஃப்என்விஎடிட்டில் விலையை ஏற்றிக்கொள்ளலாம், ஒரே ஒரு எண்தான்.

கழற்றும்போது கவனம். ஸ்க்ரிப்ட் உள்ள மாட்டை நடு ஆட்டத்தில் எடுத்தால் அதன் எச்சம் சேவிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் போடுவதற்கு முன்னால் உள்ள சேவ் இருந்தால் அங்கே திரும்பிப் போங்கள்.

இன்னொரு வழியும் உண்டு, யாரும் சொல்லவில்லை. சரிசெய்வது கஷ்டமாக இருப்பது உங்களுக்குப் பிடித்திருக்கிறது, தேய்மான வேகம்தான் எரிச்சல் என்றால், எஃப்என்விஎடிட்டின் கேம் செட்டிங் பகுதியில் "டேமேஜ் டு வெப்பன்" என்று பெயரில் வரும் மதிப்புகளைக் குறையுங்கள். துப்பாக்கி, எனர்ஜி, கைச்சண்டை ஆயுதம் என்று தனித்தனியாக இருக்கும். ஆர்மருக்கு வேறு ஒன்று. புதிய பொருளும் இல்லை, பட்டியலும் இல்லை, மோதுவதற்கு எதுவுமில்லை. என் ஆட்டத்தில் இதுதான் இருக்கிறது.

இரும்புக்கடை

இல்லையென்றால் ராவுல் என்ற மெக்கானிக்கைத் துணையாகக் கூட்டிக்கொண்டு போங்கள். பிளாக் மவுன்டனில் டபிதாவிடம் மாட்டிக்கொண்டு கிடக்கிறார். கூட வந்தாலே தேய்மானம் பாதியாகும். நோவாக்கில் ரேஞ்சர் ஆண்டி, மெக்கரனில் கார்ப்பரல் ஸ்டெர்லிங், நெல்லிஸில் லாயல் என்று மூன்று பெரியவர்களிடம் அவரைப் பேசவைத்து, கடைசியில் மெக்கானிக்காகவே இருக்கச் சொன்னால் முக்கால்வாசி குறையும். மாட்டே வேண்டாம். வாயும் கொஞ்சம் நீளம், வழித்துணைக்கு நல்லது.

வெயில்_கூரியர்

பார்த்துவிட்டேன். வாத்தியார் சொன்ன மாதிரி எஃப்என்விஎடிட்டில் சிவப்பு வந்தது, கடைப் பட்டியல் இரண்டு இடத்தில் மோதியிருக்கிறது. உதிரிபாக மாட்டுக்கு முந்தைய சேவ் இருந்ததால் பேட்ச் போடாமல் அதற்கே போய்விட்டேன். கிட் மாட் மட்டும் வைத்து, விலையை மூன்று மடங்காக்கிவிட்டேன். சர்ப்ளஸை விற்றுச் சாதாரண 5.56 வாங்கினேன், துப்பாக்கி நன்றாகவே தாங்குகிறது. இப்போது பிளாக் மவுன்டன் ஏறிக்கொண்டிருக்கிறேன்.

புதுசு_23

இடையில் ஒரு கேள்வி, ஃபால்அவுட் 4-க்கும் இந்த மாதிரி ஆர்மர் கிட் மாட் இருக்கிறதா?

பிப்பாய்_பாண்டி

அதில் துப்பாக்கியும் சாதாரண ஆர்மரும் தேயவே தேயாது. பவர் ஆர்மரின் பாகங்கள் மட்டும்தான் உடையும், அதைப் பவர் ஆர்மர் ஸ்டேஷனில் நிறுத்திச் சரிசெய்துகொள்ளலாம்.