நேட்செஸ் நகரில் ஒரு வார இறுதி: மாளிகையில் தொடங்குவதா, சந்தை முனையில் தொடங்குவதா?

தாமிரபரணியாள்:

அனைவருக்கும் வணக்கம். மார்ச் மாத இறுதியில் மிசிசிப்பி மாநிலத்தின் நேட்செஸ் நகரைப் பார்க்கக் குடும்பத்தோடு செல்ல இருக்கிறோம். நானும் கணவரும், உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மகளும், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனாரும் என நால்வர். ஹூஸ்டனிலிருந்து காரில் ஐந்து மணி நேரத்துக்கு மேலாகும் என்பதால் வெள்ளி மாலையே புறப்பட்டு, சனிக்கிழமை முழுவதும், ஞாயிறு நண்பகல் வரையும் அங்கே இருக்கலாம் என்று எண்ணுகிறேன்.

1716-இல் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய ரோசலி கோட்டையிலிருந்து வளர்ந்த இந்த ஊர், மிசிசிப்பி ஆற்றங்கரை நகரங்களில் மிகப் பழமையானது என்று படித்தேன். 1932 முதல் நடந்துவரும் வசந்தகால 'பில்கிரிமேஜ்' நாள்களில், மற்ற காலங்களில் பூட்டியிருக்கும் தனியார் வீடுகளும் சீட்டு வாங்கியவர்களுக்குத் திறக்கப்படுகின்றன. சனி காலை ஸ்டான்டன் ஹால், பிற்பகல் லாங்வுட், மாலையில் ரோசலி மாளிகை, இரவு பழைய மாளிகை ஒன்றிலேயே தங்கல், ஞாயிறு காலை நேட்செஸ் டிரேஸ் பார்க்வே சாலையில் சிறிது தூரம்: இதுவே திட்டம். மாற்ற வேண்டியது ஏதேனும் இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

கரிசல்காட்டான்:

வணக்கம் அம்மா. நீங்கள் குறிப்பிட்ட மூன்று வீடுகளும் பார்க்கத் தக்கவையே. ஆனால் இந்த வரிசையில் பார்த்துவிட்டுத் திரும்பினால், உங்கள் மகளின் மனத்தில் வெள்ளைத் தூண்களும் பீங்கான் பாத்திரங்களும் மட்டுமே நிற்கும் என்று அஞ்சுகிறேன்.

அந்தத் தூண்களுக்கான பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை ஊரின் கிழக்குப் புறத்தில், 'ஃபோர்க்ஸ் ஆஃப் தி ரோட்' என்ற சாலைப் பிரிவில் இருக்கிறது. 1833-இல், காலரா அச்சத்தால், வெளியூர் அடிமை வணிகர்கள் நகர எல்லைக்குள் கடை விரிக்கக் கூடாது என்று தடை வந்தபோது, அவர்கள் எல்லைக்கு வெளியே இருந்த இந்தச் சந்திப்புக்கு நகர்ந்தார்கள். அதன்பின் 1863 வரை, நியூ ஆர்லியன்ஸுக்கு அடுத்தபடியாகத் தென்கோடி மாநிலங்களின் மிகப் பெரிய அடிமைச் சந்தையாக அது விளங்கியது. வர்ஜீனியா, மேரிலாந்து பகுதிகளில் வாங்கப்பட்ட மனிதர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டு நூற்றுக்கணக்கான மைல்கள் நடத்தியோ, கப்பலிலும் படகிலும் ஏற்றியோ இங்கே கொண்டுவரப்பட்டார்கள். வர்ஜீனியாவின் அலெக்ஸாண்டிரியாவில் வாங்கி இங்கே விற்ற அடிமை வணிகர்களான பிராங்க்ளின், ஆர்ம்ஃபீல்ட் கூட்டாளிகள் அக்கால அமெரிக்காவின் பெருஞ்செல்வர்கள் ஆனார்கள். இங்கே ஏலம் நடப்பதில்லை. வாங்குபவர் வந்து, வரிசையாக நிறுத்தப்பட்டவர்களைப் பார்வையிட்டு, விலை பேசி அழைத்துச் செல்வார். 1863-இல், உள்நாட்டுப் போரின்போது ஊரைக் கைப்பற்றிய வடக்குப் படையினர் அந்தக் கொட்டடிகளைப் பிரித்து, அதே மரத்தைத் தங்கள் பாசறைகளுக்குப் பயன்படுத்தினார்கள். இன்று அங்கே கட்டடம் எதுவும் இல்லை. விளக்கப் பலகைகளும், தரையில் பதித்த கைவிலங்குச் சங்கிலிகளும் உள்ளன. 2021-இல் அந்த இடம் தேசியப் பூங்காத் துறையின் கைக்கு வந்தது.

சனிக்கிழமை காலை முதல் வேலையாக அங்கே சென்று நில்லுங்கள். பிறகு எந்த மாளிகைக்கு வேண்டுமானாலும் செல்லலாம். மாளிகையில் இரவு தங்குவதை மட்டும் விட்டுவிடுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். பெருந்துயரம் நிகழ்ந்த வீட்டின் படுக்கையறையை வாடகைக்கு எடுத்து உறங்குவதில் உல்லாசம் காண என்னால் இயலாது.

சுண்ணாம்புக்காரை:

கரிசல்காட்டானின் அறச்சினத்தை மதிக்கிறேன். ஆயினும் மாளிகைகளைப் பின்னுக்குத் தள்ளும் அவருடைய யோசனையை ஏற்க இயலவில்லை. பழைய கட்டடங்களைச் சீரமைக்கும் பணியில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அடிமைமுறையைப் பற்றி லாங்வுட்டைப் போல வெளிப்படையாகப் பேசும் கட்டடம் அந்த ஊரில் வேறொன்றில்லை.

ஹாலர் நட் என்ற பருத்திப் பண்ணை முதலாளிக்காக, பிலடெல்பியாவின் கட்டடக் கலைஞர் சாமுவேல் ஸ்லோன் வரைந்த எண்கோண மாளிகை அது. உச்சியில் வெங்காய வடிவக் குவிமாடம். 1860-இல் வேலை தொடங்கியது. 1861-இல் போர் மூண்டதும் வடக்கிலிருந்து வந்திருந்த கைவினைஞர்கள் கருவிகளைப் போட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். அதன்பிறகு கீழ்த்தளத்தின் ஒன்பது அறைகளை மட்டும், அடிமைப்படுத்தப்பட்டவர்களின் உழைப்பைக் கொண்டு முடித்துக் குடியேறினார்கள். நட் 1864-இல் இறந்தார். மொத்தம் 32 அறைகளாகத் திட்டமிட்ட வீட்டின் மேல்தளங்கள் இன்றுவரை பூசப்படாத செங்கல் சுவர்களாகவும், மூடப்படாத மரச் சட்டங்களாகவும் நிற்கின்றன. மற்ற மாளிகைகளில் பூச்சும் காகிதமும் திரையும் மறைத்துவிடும் உழைப்பை இங்கே செங்கல் செங்கலாகப் பார்க்கலாம். பருத்தி பறிக்க அடிமைகள் இருந்தவரை எழும்பி, அந்த ஏற்பாடு உடைந்த ஆண்டிலேயே நின்றுபோன ஒரு பொருளாதாரத்தின் குறுக்குவெட்டு அது. விளக்கப் பலகை எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் இதற்கு ஈடாகாது.

இன்னொன்று. வேறு பல ஊர்களைப் போல இந்த ஊரும் எரிந்திருந்தால் நாம் விவாதிக்க எதுவுமே மிஞ்சியிருக்காது. 1862-இல் வடக்குக் கடற்படை வந்தபோது நேட்செஸ் போரிடாமல் பணிந்தது. வடக்கே விக்ஸ்பர்க் 47 நாள் முற்றுகையில் சிதைந்தபோது இந்த ஊரின் கூரைகள் தப்பின. பிறகு காய்ப்புழுவை விடக் கொடிய 'பால் வீவில்' வண்டு பருத்தியை அழித்து, 1930-களின் பெருமந்தமும் சேர்ந்துகொண்டபோது, இந்த வீடுகள் உளுத்து விழும் நிலைக்கு வந்தன. அப்போது அவற்றைக் காத்தது 'கார்டன் கிளப்' என்ற தோட்டக்கலைச் சங்கத்துப் பெண்கள் தொடங்கிய பில்கிரிமேஜ் சீட்டுப் பணம்தான். மிசிசிப்பியின் ஈரக்காற்றில் மரத்தூண் எவ்வளவு விரைவாக மக்கும் என்பதை அறிந்தவர்கள், சீட்டு வாங்கிப் பார்ப்பதையும் அறை எடுத்துத் தங்குவதையும் குற்றமாக எண்ணமாட்டார்கள்.

கரிசல்காட்டான்:

லாங்வுட்டைப் பற்றி நீங்கள் எழுதியதை முழு மனத்தோடு ஏற்கிறேன். அதைத் தவிர்க்கும்படி நான் சொல்லவில்லை. ஆனால் சீட்டுப் பணத்தைப் பற்றிய வாதத்தில் பாதிதான் உண்மை. அந்தப் பணம் கூரைகளோடு ஒரு கதையையும் சேர்த்துக் காத்தது. பில்கிரிமேஜின் மாலை நிகழ்ச்சி பல பத்தாண்டுகள் 'கான்ஃபெடரேட் பேஜன்ட்' என்ற பெயரிலேயே, அதாவது அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டணியின் பெயரிலேயே, நடந்தது. வளைய பாவாடை உடுத்திய பெண்களும் போர்ச்சீருடை அணிந்த ஆண்களும் பழைய தெற்கை ஒரு பொற்காலமாக நடித்துக் காட்டினார்கள். அண்மைக் காலத்தில் அது திருத்தி எழுதப்பட்டது, அதை வரவேற்கிறேன்.

ஆனால் அதே ஊரில் காக்கப்படாமல் போனவற்றையும் எண்ணிப் பாருங்கள். 1940 ஏப்ரல் 23 இரவு, செயின்ட் கேதரின் தெருவிலிருந்த 'ரிதம் கிளப்' என்ற கறுப்பின மக்களின் நடனக் கூடம் தீப்பற்றியது. சீட்டு வாங்காதவர்கள் நுழையாதபடி சன்னல்கள் பலகை வைத்து அடைக்கப்பட்டிருந்தன. அலங்காரத்துக்குத் தொங்கவிட்ட உலர்ந்த பாசியில் தீ பரவியது. 209 பேர் மாண்டார்கள். 1965-இல் உரிமை கேட்டு ஊர்வலம் சென்ற நூற்றுக்கணக்கானவர்களைக் கைது செய்து, அவர்களில் பலரைத் தொலைவிலுள்ள பார்ச்மன் சிறைக்கு அனுப்பிய ஊரும் இதுவே. 1967-இல் வார்லெஸ்ட் ஜாக்சன், தொழிற்சாலையில் அதுவரை வெள்ளையருக்கே தரப்பட்ட பணிக்கு உயர்த்தப்பட்டதற்காக, தம் வண்டியில் வைக்கப்பட்ட குண்டுக்கு இரையானார். மாளிகைகளுக்குக் கிடைத்த கவனம் இந்த நினைவுகளுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே நமது இரண்டு நாள் நேரமும் பணமும் எங்கே செல்கின்றன என்பது அற்பமான கேள்வியன்று.

பேட்டன்ரூஜ் வாசி:

இருவருமே ஊரின் கதையைப் பருத்தியிலிருந்து தொடங்குகிறீர்கள். பிரெஞ்சுக்காரர்கள் வருமுன் அங்கே வாழ்ந்த நேட்செஸ் மக்களின் பெயரைத்தான் அந்த ஊர் தாங்கியிருக்கிறது. அவர்களைப் பற்றி இதுவரை ஒரு வரிகூட இங்கே எழுதப்படவில்லை.

செயின்ட் கேதரின் ஓடைக் கரையில் 'கிராண்ட் வில்லேஜ்' என்னும் அவர்களுடைய தலைமை ஊரின் மண்மேடுகள் இன்றும் உள்ளன. 'பெருஞ்சூரியன்' என்று அழைக்கப்பட்ட தலைவரின் இல்லம் ஒரு மேட்டிலும், கோயில் இன்னொரு மேட்டிலும் இருந்தன. ரோசலி கோட்டையின் பிரெஞ்சுத் தளபதி அவர்களுடைய கிராமம் ஒன்றையே காலி செய்து நிலத்தைத் தரும்படி கேட்டதால், 1729 நவம்பரில் அவர்கள் திருப்பித் தாக்கி இருநூறுக்கும் மேற்பட்ட பிரெஞ்சுக்காரர்களைக் கொன்றார்கள். பிரெஞ்சுப் படை பழிவாங்கியது. பிடிபட்ட நூற்றுக்கணக்கானோர் கரீபியப் பகுதியின் பிரெஞ்சுக் குடியேற்றமான சான் டொமிங்குவுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். தப்பியவர்கள் சிக்கசா, கிரீக், செரோக்கி மக்களிடம் அடைக்கலம் புகுந்தார்கள். அவர்கள் வழிவந்தோர் இன்று ஓக்லஹோமாவில் வாழ்கிறார்கள். ஃபோர்க்ஸ் ஆஃப் தி ரோட் சந்தைக்குச் சங்கிலியில் பிணைத்த மனிதர்கள் வருவதற்கு நூறாண்டு முன்பே, இங்கிருந்த மனிதர்கள் சங்கிலியில் வெளியேற்றப்பட்டிருக்கிறார்கள்.

சகோதரி தாமிரபரணியாளுக்கு இனி என் யோசனை. ஞாயிறு காலை நேட்செஸ் டிரேஸ் சாலையில் செல்வதாக எழுதியிருக்கிறீர்கள். பத்தாவது மைலருகே எமரால்ட் மேடு இருக்கிறது. எட்டு ஏக்கர் பரப்பில் மக்கள் கூடையால் மண் சுமந்து எழுப்பிய அது, இல்லினாயில் உள்ள கஹோக்கியாவின் பெருமேட்டுக்கு அடுத்தபடியாக இந்நாட்டின் மிகப் பெரிய கோயில் மேடுகளில் வைத்து எண்ணப்படுகிறது. கிராண்ட் வில்லேஜையும் அதையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம். அந்தச் சாலையில் சரக்கு லாரிகளுக்கு இடமில்லை, பெரும்பகுதியில் வேக வரம்பும் 50 மைல்தான் என்பதால், மாமனாருக்கும் அலுப்பில்லாத பயணமாக அமையும்.

இன்னும் இரண்டு இடங்களைச் சேர்க்க வேண்டும். முதலாவது, ஸ்டேட் தெருவில் உள்ள வில்லியம் ஜான்சனின் வீடு. அடிமையாகப் பிறந்து, சிறுவயதில் விடுவிக்கப்பட்டு, முடிதிருத்தகங்கள் நடத்திச் செல்வரான அவர், 1835 முதல் 1851-இல் சுட்டுக் கொல்லப்படும்வரை நாட்குறிப்பு எழுதினார். அவரே அடிமைகளையும் வைத்திருந்தார். வரலாற்றை நல்லவர், கெட்டவர் என்று இரண்டாகப் பிரித்துப் படிக்கும் வயதில் உள்ள உங்கள் மகளுக்கு அந்த வீடு நிறைய வேலை கொடுக்கும். இரண்டாவது, தேசியப் பூங்காத் துறை காத்துவரும் மெல்ரோஸ் மாளிகை. பின்புறத்தில் அடிமைக் குடியிருப்புகளும் நிற்கின்றன. உணவு மேசைக்கு மேல் மகோகனி மரத்தாலான பெரிய பங்கா (கயிற்றால் இழுத்து அசைக்கும் விசிறி) ஒன்று தொங்குகிறது. நம் ஊர் வெள்ளைக்கார ஆட்சியர் அலுவலகங்களில் இழுக்கப்பட்ட அதே பங்காதான், இந்தியாவிலிருந்து சென்ற வழக்கம். அங்கே அதன் கயிற்றைப் பிடித்திருந்தது அடிமைப்படுத்தப்பட்ட சிறுவனின் கை. அதை உங்கள் மாமனார் நம்மைவிட விரைவாகப் புரிந்துகொள்வார்.

சுண்ணாம்புக்காரை:

மெல்ரோஸைப் பற்றிய யோசனை மிகவும் பொருத்தம். ஸ்டான்டன் ஹாலுக்குப் பதிலாகவே அதை வைக்கலாம் என்று நான் சொல்வேன், ஏனெனில் இரண்டு நாளில் நான்கு மாளிகைகள் பார்த்தால் எதுவும் மனத்தில் தங்காது.

தங்குமிடம் பற்றி மட்டும் மீண்டும் சொல்கிறேன். 26 தூண்கள் சூழ்ந்த டன்லீத் மாளிகை விடுதியாக நடந்திருக்கிறது. அங்கே அடிமையாக வீட்டு வேலை செய்த சிறுவன் ஜான் ராய் லிஞ்ச், விடுதலைக்குப்பின் அதே ஊரில் புகைப்பட நிலையம் நடத்தி, மிசிசிப்பிச் சட்டமன்றத்தின் அவைத்தலைவராகி, 1873-இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கும் சென்றார். அந்தக் கூடத்தில் அமர்ந்து மகளுக்கு இந்த வரலாற்றைச் சொல்வது, வீட்டை அதன் பழைய முதலாளிகளிடமிருந்து மீட்பதாகாதா?

கரிசல்காட்டான்:

லிஞ்சின் வரலாற்றைக் கூடத்திலும் சொல்லலாம், அந்த வாசலுக்கு எதிரே சாலையில் நின்றும் சொல்லலாம். சொல்வதற்கு அறைவாடகை தேவையில்லை என்பதே என் நிலை. இதில் நாம் உடன்படமாட்டோம் என்று தெரிகிறது.

தாமிரபரணியாள்:

அனைவருக்கும் நன்றி. திட்டத்தை இப்படி மாற்றிக்கொண்டேன். சனிக்கிழமை காலை ஃபோர்க்ஸ் ஆஃப் தி ரோட், அங்கிருந்து செயின்ட் கேதரின் தெரு வழியாகவே நகர மையத்துக்கு வந்து வில்லியம் ஜான்சன் வீடு, பிற்பகல் மெல்ரோஸ், அடுத்து லாங்வுட். ஸ்டான்டன் ஹாலை விட்டுவிட்டேன். ரோசலியை வெளியிலிருந்து பார்த்தபடி ஆற்றங்கரை மேட்டில் மாலையில் நடப்போம். ஞாயிறு காலை கிராண்ட் வில்லேஜும் எமரால்ட் மேடும்.

சந்தை முனையை முதலில் வைத்ததற்குக் காரணம், லாங்வுட்டைப் பற்றி சுண்ணாம்புக்காரை ஐயா எழுதியதுதான்: அந்தச் செங்கற்களைப் படிக்க வேண்டுமானால், அவற்றை அடுக்கியவர்கள் எந்த வழியாக ஊருக்குள் வந்தார்கள் என்பதை மகள் முன்பே பார்த்திருக்க வேண்டும். தங்குவதற்கு ஆற்றையொட்டிய சாதாரண ஓட்டல் ஒன்றில் பதிவு செய்துவிட்டேன். மாமனாரின் முழங்காலுக்கு மின்தூக்கி தேவை என்பதும் ஒரு காரணம், ஆனால் அது மட்டுமே காரணமன்று.

பேட்டன்ரூஜ் வாசி:

நல்ல வரிசை. ஜான்சன் வீடும் மெல்ரோஸ் உள்சுற்றும் எல்லா நாளும், எல்லா நேரமும் திறந்திருக்கும் என்று எண்ணாமல், புறப்படுமுன் பூங்காத் துறையிடம் நேரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். மெல்ரோஸ் நேரம் பிற்பகலில் கிடைக்காவிட்டால் லாங்வுட்டை முன்னே தள்ளுங்கள். சைவம் மட்டும் உண்பவர் மாமனார் என்றால், அந்த ஊரின் பெயர்பெற்ற, மக்காச்சோள மாவில் செய்யும் தமாலே என்ற பண்டத்தில் பெரும்பாலும் இறைச்சி இருக்கும். அவருக்கு வேண்டியதைப் பேட்டன்ரூஜிலேயே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.