அமோனியா ஏறுகிறது: பாக்டீரியா பவுடரா, ஆப்ப சோடாவா?

தொட்டிக்காரன்: பத்தாயிரம் லிட்டர் சுழற்சித் தொட்டி, திலேப்பியா விட்டு நாலு மாதம். தினம் 1 கிலோ தீவனம், 32 சதவீதம் புரதம். பயோஃபில்டர் (மீன் கழிவு அமோனியாவை மாற்றும் பாக்டீரியா குடியிருக்கும் வடிகட்டி) ஒன்றரை மாதத்தில் பழகிவிட்டது, அப்புறம் அமோனியா டெஸ்ட் மஞ்சளைத் தாண்டியதே இல்லை, அதாவது சைபர். போன வாரத்திலிருந்து பச்சையாகவே நிற்கிறது, 2 பிபிஎம். மீன் தீவனத்தருகே வந்துவிட்டுத் திரும்பிப் போகிறது. இன்னொரு டிரம் மீடியா, அதாவது பாக்டீரியா ஒட்டி வளரும் துண்டுகள், போடலாமா?

வலைவீசி: போடுங்கள். கூடவே பாக்டீரியா பவுடரும் போடுங்கள், பழையது செத்திருக்கும். அமோனியாவை நைட்ரைட்டாக்கும் நைட்ரோசோமோனாஸ், அதை நைட்ரேட்டாக்கும் நைட்ரோபாக்டர் இரண்டும் இருக்கிற பாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

கெண்டைக்கண்: அவசரப்படாதீர்கள். பிஎச் எவ்வளவு? புதுத் தண்ணீர் எங்கிருந்து?

தொட்டிக்காரன்: 6.2. தினம் ஆயிரம் லிட்டர் மாற்றுகிறேன். முன்பு போர் தண்ணீர், குடத்தில் வெள்ளையாகப் படியும் ரகம். மழை நல்லாப் பெய்ததால் மூன்று வாரமாக மாடியில் பிடித்த மழைத் தண்ணீர்தான்.

கெண்டைக்கண்: அங்கேதான் கோளாறு. உங்கள் 1 கிலோ தீவனத்திலிருந்து தினம் சுமார் 30 கிராம் அமோனியா நைட்ரஜன் வரும். அதில் ஒவ்வொரு கிராமையும் நைட்ரேட்டாக மாற்ற பாக்டீரியா 7 கிராமுக்கு மேல் காரத்தன்மையை (பிஎச் இறங்காமல் தாங்கும் சக்தி) தின்கிறது, கால்சியம் கார்பனேட் கணக்கில் தினம் 200 கிராம். போர் தண்ணீர் அதைச் சத்தமில்லாமல் ஈடுகட்டி வந்தது. மழைத் தண்ணீரில் அது கிட்டத்தட்ட சைபர். அது தீர்ந்து பிஎச் இறங்கியதால் பாக்டீரியா சாகவில்லை, சோர்ந்து கிடக்கிறது. எத்தனை டிரம் மீடியா போட்டாலும் இதே கதைதான். ஆப்ப சோடா போடுங்கள், கிலோ தீவனத்துக்குக் கால் கிலோ என்பது கைக்கணக்கு. அப்புறம், வலைவீசி சொல்லும் அந்த ஜோடி இல்லாமலும் வேலை நடக்கும். 2015-ல் நெதர்லாந்தில் ஒரு மீன் வளர்ப்பு ஃபில்டரிலிருந்து வளர்த்தெடுத்த நைட்ரோஸ்பைரா தனியாகவே அமோனியாவை நைட்ரேட் வரை கொண்டுபோனது.

வலைவீசி: நெதர்லாந்து இருக்கட்டும். 2 பிபிஎம் நிற்கும்போது சோடாவைக் கொட்டினால் மீன் மிதக்கும் சார்! பிஎச் 7-ல் நூற்றுக்கு ஒரு பங்குகூட விஷ அமோனியா இல்லை, 8-ல் ஆறேழு பங்கு. இப்போது அந்த 6.2தான் மீனைக் காப்பாற்றிக்கொண்டு இருக்கிறது.

கெண்டைக்கண்: நியாயம், அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மொத்தமாகப் போடாதீர்கள். இரண்டு நாள் தீவனத்தை நிறுத்துங்கள். 100 கிராமை வாளியில் கரைத்து ஊற்றி, சில மணி நேரம் கழித்து பிஎச் பார்த்து, அப்புறம் அடுத்தது. அமோனியா இறங்கும்வரை 7-ஐ ஒட்டியே வைத்திருங்கள். நைட்ரைட்டையும் பாருங்கள், ஏறினால் அதன் விஷத்தைத் தடுக்கக் கல்லுப்பு. ஆனால் 6.2-லேயே விட்டால் நாளைக்கு 4 பிபிஎம், அதற்கு என்ன பதில்?

வலைவீசி: அதற்குத்தான் பவுடர்.

கெண்டைக்கண்: பட்டினி கிடக்கிற வீட்டுக்கு மேலும் விருந்தாளியா?

தொட்டிக்காரன்: காரத்தன்மை டெஸ்ட் இப்போதுதான் போட்டேன். முதல் சொட்டிலேயே நீலம் மஞ்சளாகிவிட்டது, அதாவது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை; போர் தண்ணீரில் 16 சொட்டு பிடித்தது. இன்றைக்குத் தீவனம் கட். மளிகைக் கடையில் 50 கிராம் பாக்கெட்தான் இருக்கிறது, சோடா மூட்டையாக எங்கே கிடைக்கும்?