தாராபுரம் வீடு: ஏற்காட்டுக்கு இருபது மீட்டர் ஒயர்

வியாழன் இரவு

நிலா: மாமா, ஏற்காட்டுக்கு என் ஹேண்டியை, அதுதான் கையில் பிடிக்கிற ஹாம் ரேடியோவை, எடுத்து வரட்டுமா? உரிமம் வந்தும் சும்மா கிடக்கிறது. இங்கே மாடியிலிருந்து கூப்பிட்டால் ஒருவரும் பதில் சொல்வதில்லை.

சேகர் மாமா: கட்டாயம் எடுத்து வா கண்ணு. மலை மேலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் எட்டும். ஆனால் கூட வந்த அந்தக் குட்டை ரப்பர் ஆண்டெனாவை மட்டும் நம்பிப் போகாதே.

நிலா: வேறு வாங்க வேண்டுமா?

சேகர் மாமா: வேண்டாம். வீட்டு ஒயரில் 49 செ.மீ. வெட்டிக்கொள். ஹேண்டி பேசும் 145 மெகாஹெர்ட்ஸுக்கு அதுதான் கால் அலை, அதாவது ஓர் அலையின் நீளத்தில் கிட்டத்தட்டக் கால் பங்கு. ஒரு முனையைச் சீவி, ஆண்டெனா திருகும் இடத்தில் இருக்கும் வெளி வளையத்தைச் சுற்றிக் கட்டு. நடுவில் இருக்கும் பகுதியில் மட்டும் படக் கூடாது. ஆண்டெனாவை மேலே திருகிவிட்டு ஒயரைக் கீழே தொங்க விடு.

நிலா: அவ்வளவுதானா?

சேகர் மாமா: அவ்வளவுதான். இந்த மாதிரி ஆண்டெனாவுக்கு இரண்டு பாதி வேண்டும். ஹேண்டியில் மேல் பாதி மட்டும்தான் இருக்கிறது. கீழ்ப் பாதிக்கு ரேடியோவின் உடம்பையும் உன் கையையும் வைத்து ஒப்பேற்றுகிறது. அதற்கு இந்த ஒயர் எவ்வளவோ மேல்.

முருகன் சித்தப்பா: மச்சான், ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறீர்களா, டவர் கட்டப் போகிறீர்களா? நான் வராததும் நல்லதுதான்.

செல்வி அத்தை: நீயாவது கேள். இங்கே ஹாலில் நடக்க வழியில்லை, எங்கே பார்த்தாலும் ஒயர்.

அப்பத்தா: மாப்பிள்ளை, பழைய டிவி ஏரியல் பரண் மேல் இருக்கிறது. உங்கள் மாமனார் கொடைக்கானல் பக்கம் திருப்பித் திருப்பி வைப்பாரே, அதுதான். பட்டை ஒயரும் கூடவே இருக்கிறது.

சேகர் மாமா: அத்தை, அந்தப் பட்டை ஒயரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! ஒன்றரை மீட்டர் இருந்தால் நிலாவுக்குச் சுருட்டி வைக்கிற மாதிரி ஒரு ஜே-போல், அதாவது ஜே எழுத்து வடிவ ஆண்டெனா, செய்துவிடலாம். ஊரிலிருந்து வந்ததும் செய்கிறேன்.

பிரபு: அப்பா, உங்கள் பெரிய ரேடியோவின் ஆண்டெனாவுக்கு எவ்வளவு ஒயர்? கடைக்குப் போகிறேன்.

சேகர் மாமா: 143ஐ நாம் பேசப்போகும் மெகாஹெர்ட்ஸால் வகு. மொத்த நீளம் மீட்டரில் வரும்.

பிரபு: 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 20.14 மீட்டர். பாதியாக்கினால் பக்கத்துக்கு 10.07.

சேகர் மாமா: சரி. 0.75 சதுர மி.மீ. பல இழை ஒயர், 22 மீட்டராக வாங்கு. ஒற்றைக் கம்பி வேண்டாம், நாலு தடவை சுருட்டினால் உடைந்துவிடும். முனைக்குக் கட்ட நைலான் கயிறு. இன்சுலேட்டருக்குப் பழைய சட்டைப் பொத்தானே போதும், பத்து வாட்டுக்கு அதற்கு மேல் தேவையில்லை.

செல்வி அத்தை: யாருடைய சட்டை?

ஞாயிறு மாலை

பிரபு: [படம்] மொட்டை மாடியில் அப்பா. தொரட்டிக் கம்பின் உச்சியில் நடு முனை, இரண்டு பக்கமும் ஒயர் சாய்வாக இறங்குகிறது.

நிலா: தலைகீழ் வி! அளந்தீர்களா?

பிரபு: ஆண்டெனாவை அளக்கிற நானோ விஎன்ஏ கருவியில் பார்த்தோம். 6.85இல் போய்ப் பள்ளம் விழுகிறது, அதாவது 7.1க்குப் பதில் அங்கேதான் ஆண்டெனா நன்றாகப் பொருந்துகிறது. கணக்குப் போட்டு வெட்டியும் ஏன் தவறியது என்று தெரியவில்லை.

சேகர் மாமா: கணக்கு சரிதான். அந்த 143 வெறும் கம்பிக்கு. நம் ஒயருக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருக்கிறது, அதனால் அலை கொஞ்சம் மெதுவாக ஓடும், ஒயர் நிஜ நீளத்தைவிட நீளமாக நடந்துகொள்ளும். போதாததற்குப் பக்கத்து வீட்டுத் தகரக் கூரை வேறு. 10.07ஐ 6.85ஆல் பெருக்கி 7.1ஆல் வகுத்தால் 9.72. பக்கத்துக்கு 35 செ.மீ. குறைக்க வேண்டும்.

பிரபு: கத்தரியோடு தயாராக நின்றேன், அப்பா பிடுங்கிக்கொண்டார்.

சேகர் மாமா: வெட்டினால் வெட்டினதுதான். முனையை மடித்து ஒயரோடு ஒயராக முறுக்கிவிட்டால் மலையில் போய் மாற்றிக்கொள்ளலாம். இங்கே பார்த்த எண் அங்கே அப்படியே வராது. உயரம், தரை, பக்கத்தில் இரும்பு, எல்லாம் மாறும்.

முருகன் சித்தப்பா: மச்சான், கேட்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆளுக்கொரு போன் இருக்கும்போது இதற்கு என்ன தேவை?

சேகர் மாமா: கோபம் எதற்கு மாப்பிள்ளை. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற அம்மாவும் அவர் குழுவும் ஹாம் ரேடியோவோடு போர்ட் பிளேரில் இருந்தார்கள். அந்தமானிலிருந்து உலகம் முழுக்கப் பேசிப் பார்க்கலாம் என்று பொழுதுபோக்காகத்தான் போனார்கள். 26ஆம் தேதி சுனாமி வந்து போன் எல்லாம் செத்துப்போனது. யார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற செய்தியை அவர்கள் ரேடியோ வழியாகத்தான் வெளியே அனுப்பினார்கள். சும்மா பேசிப் பழகி வைத்திருந்ததால்தான் அன்றைக்குக் கை ஓடியது.

முருகன் சித்தப்பா: சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மழையில் மரத்தில் கம்பி கட்டி இடியை வரவழைக்காதீர்கள்.

சேகர் மாமா: மேகம் கறுத்தாலே கேபிளைக் கழற்றி ஒயரை இறக்கிவிடுவேன். அதைவிடப் பெரிய ஆபத்து கரண்டு கம்பி. கயிறு வீசும் திசையில் லைன் போகிறதா என்று பார்க்காமல் கயிற்றில் கட்டி வீசும் கல்லை எடுக்கவே கூடாது. போனதும் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

சனி

பிரபு: மாமா, அம்மாயி, வந்து சேர்ந்துவிட்டோம். [படம்] தங்குமிடத்துக்குப் பின்னால் சில்வர் ஓக் மரம், மிளகுக் கொடி ஏறியிருக்கிறது. அப்பா பாதித் தண்ணீர் பாட்டிலில் கயிறு கட்டிக் கிளை மேல் எறிகிறார். தோட்டத்து அண்ணனைக் கேட்டுக்கொண்டுதான்.

அப்பத்தா: கொடியை அறுத்துவிடாதீர்கள் சாமி.

செல்வி அத்தை: மூன்று தடவையும் பாட்டில் என் காலடியில்தான் வந்து விழுந்தது. நான் நிலாவோடு லேடீஸ் சீட் காட்சி முனைக்குக் கிளம்புகிறேன்.

பிரபு: ஏறிவிட்டது. உச்சி ஏழு மீட்டர், முனைகள் கைக்கு எட்டாத உயரம். 7.16 காட்டுகிறது.

நிலா: ஏறிப் போய்விட்டதா? அப்படியென்றால் இப்போது நீளம் போதவில்லை.

பிரபு: ஆமாம் அக்கா. மடிப்பில் பக்கத்துக்கு 8 செ.மீ. விரித்தோம். 7.1இல் வந்து உட்கார்ந்துவிட்டது.

முருகன் சித்தப்பா: கத்தரியைப் பிடுங்கியது நல்லதாகப் போயிற்று.

நிலா: சித்தப்பா! லேடீஸ் சீட்டிலிருந்து ஈரோட்டு ஐயா ஒருவரோடு பேசிவிட்டேன்! கீழே சேலம் முழுக்கத் தெரிகிறது. நீங்கள் சொன்ன 49 செ.மீ. வால் ஒயரை எடுத்துவிட்டுப் பேசினேன், குரல் இரைச்சலில் முங்குகிறது என்றார். திரும்பக் கட்டியதும் தெளிவாகிவிட்டது என்றார். சும்மா சொல்லவில்லை, இரண்டு தடவை மாற்றிப் பார்த்தேன்.

செல்வி அத்தை: சுற்றி நின்று பத்துப் பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். ஒரு பையன் போலீஸா என்று கேட்டான்.

சேகர் மாமா: பிரமாதம் கண்ணு! எனக்கு இங்கே சென்னை, கொல்லம், மங்களூரு. எல்லாம் பத்து வாட், ஒரு பேட்டரி.

நிலா: ஏழு மீட்டர்தானே உயரம்? அரை அலை உயரத்தில் கட்ட வேண்டும் என்று படித்தேனே.

சேகர் மாமா: அது தூர தேசத்துக்கு. இந்த அலைவரிசையில் தாழக் கட்டினால் அலை பெரும்பாலும் செங்குத்தாக மேலே போய், வானத்தின் உயரத்தில் இருக்கும் அயனி மண்டலத்தில் பட்டு, மழை மாதிரி சுற்றிலும் இறங்கும். சில நூறு கிலோமீட்டருக்கு இடையில் எந்த மலை இருந்தாலும் கவலையில்லை. சென்னைக்குப் பேச இதுதான் வேண்டும்.

முருகன் சித்தப்பா: வெளிநாடு எட்டாதா?

சேகர் மாமா: 14 மெகாஹெர்ட்ஸில் எட்டும். அதற்குப் பாதி நீளம் போதும். ஒவ்வொரு பக்கமும் ஐந்து மீட்டரில் ஒயரை வெட்டி, வெட்டிய இடத்தில் ஒரு பொத்தானும் ஒரு முதலைக் கிளிப்பும் வைத்தால் கிளிப்பைக் கழற்றினால் 14, மாட்டினால் 7. ஒரே ஒயர்.

பிரபு: இப்போது மட்டும் வெட்டலாமா?

சேகர் மாமா: இது கணக்குப் பார்த்து வெட்டுவது. கிளிப் என்னிடம் இருக்கிறது, இரவு செய்துவிடுவேன். நாளை காலை ஏழு மணிக்கு மேலே ஏற்றிப் பார்ப்போம், முதல் அழைப்பு நிலாவுடையது.

முருகன் சித்தப்பா: மச்சான், மீதி ஒயர் இருந்தால் என் கடை மாடிக்கும் ஒன்று கட்டுங்கள். கேட்பதற்கு மட்டும்.

செல்வி அத்தை: வேன் எட்டு மணிக்கு வருகிறது. அதற்குள் மரத்திலிருந்து எல்லாம் இறங்கியிருக்க வேண்டும், சொல்லிவிட்டேன்.

சேகர் மாமா: ஒன்பதுக்கு வரச் சொன்னால் என்ன?