பொடியள் ஏத்திற வீடியோவோ, காசு கட்டிப் பாக்கிற தொடரோ?

மாங்குளச்சந்தி:
கனடா மச்சான் லீவில வந்து நிக்கிறார். "உந்த யூடியூப் குப்பையை விட்டிட்டு மாசக்காசு கட்டி நல்ல தொடர் பாருங்கோவன்" எண்டு ஒரே அறுவை. எனக்கும் அவர் சொல்றது சரியெண்டுதான் படுது. 2005 இல மிருகக்காட்சிச்சாலையில ஒரு பொடியன் யானைக்கு முன்னால நிண்டு 19 செக்கன் கதைச்சதில துவங்கின தளம் அது. இண்டைக்கும் முக்கால்வாசி அதே தரம். மற்றப் பக்கம் எழுத ஒருத்தர், ஒலிக்கு ஒருத்தர், வெளிச்சத்துக்கு ஒருத்தர். என்ன சொல்றியள்?

பம்புக்காரன்:
அண்ணை, போன சிறுபோகம் வயலுக்கு இறைச்சுக்கொண்டிருக்க வோட்டர் பம் நிண்டிட்டுது. இழுத்திழுத்துக் கை சோர்ந்ததுதான் மிச்சம். போனை வரம்பில சாத்தி வைச்சு, ஆரோ ஒருத்தர் காபரேற்றர் கழட்டிற வீடியோவைப் பாத்தன். என்ன பாஷையோ தெரியாது, ஒரு சொல்லும் விளங்கேல்ல. கை விளங்கிச்சு. கிளச் வயரில ஒரு இழையை உருவி, பெற்றோல் வாற ஜெற் எண்ட சின்னத் துவாரத்துக்குள்ள குத்தி ஊத்தையை எடுத்தன். மூண்டாம் இழுவையில பிடிச்சிட்டுது. பாதிப் படத்தை அந்தாளின்ர பெருவிரல் மறைச்சதுதான். உங்கட வெளிச்சக்காரர் எனக்கு இதை எடுத்துத் தருவினமே?

கண்டாவளையாள்:
தம்பி, பம்முக்குச் சரி. மனிசருக்கு? எங்கட ஒழுங்கையில புருசன் இல்லாத ஒரு பிள்ளை, தறப்பாள் வீடு. உதவி செய்யிறம் எண்டு கமராவோட வந்தாங்கள். சோத்துப் பானையைத் திறந்து காட்டச் சொன்னாங்கள். அவள் அழ, இன்னும் கிட்டப்போய் எடுத்தாங்கள். குடுத்தது அரிசி ஒரு மூட்டை, கோழி நாலு. இப்ப அவளின்ர மகளுக்குப் பள்ளிக்கூடத்தில பட்டம் "வீடியோக்காரி". யூடியூப் சனலுக்கு 1000 சந்தாதாரரும் வருசத்துக்குள்ள 4000 மணித்தியாலப் பார்வையும் சேந்தா, விளம்பரக் காசில 55 வீதம் ஏத்தினவனுக்கு. அவளின்ர கண்ணீர் எத்தினை மணித்தியாலம் ஓடிச்சோ. தொடர் எடுக்கிறவன் ஆளிட்டக் கையெழுத்து வாங்குவான், பிழைச்சா வழக்குப் போட ஒரு கொம்பனியாவது இருக்கும்.

பம்புக்காரன்:
கோழி நாலாவது வந்துதெல்லோ அக்கா. அரசாங்கத்தைப் பாத்துக்கொண்டிருந்தா?

கண்டாவளையாள்:
உன்ர வீட்டுப் பானையைத் திறந்து காட்டிப்போட்டு வா, கதைப்பம்.

ராப்பறவை:
சண்டை வேண்டாம். நான் இரவு டேற்றாவில சீவிக்கிற ஆள். எச்டியில ஒரு மணித்தியாலத்துக்கு 3 ஜீபி வரைக்கும் போகுமெண்டு நெட்ஃபிளிக்ஸே சொல்லுது. யூடியூப்பில 144 எண்ட ஆகக் குறைஞ்ச படத்தரத்தில வைச்சாலும் ஓடும். சண்டை நேரப் பொருளாதாரத் தடைக்காலத்தில சைக்கிள் டைனமோ சுத்தி ரேடியோ கேட்ட சனம் நாங்கள், 144 காணும். நெட்ஃபிளிக்ஸ் 2016 இல இஞ்ச வந்தாப் பிறகும், அதில தமிழெண்டு பாக்கிறது பெரும்பாலும் சென்னைத் தமிழ்தான். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு உப்புநீரில விளக்கெரியிறதை டென்மார்க்கில இருந்து எங்கட சித்தி பாக்கிறா எண்டா, அது ஆரோ ஒரு பொடியன் சனத்துக்குள்ள நெரிபட்டுப் போனில எடுத்தது. ஆனா கண்டாவளை அக்கா சொன்னதுக்கு என்னட்டை மறுப்பில்லை.

மாங்குளச்சந்தி:
மச்சான் இதை வாசிச்சிட்டு, "வற்றாப்பளை வீடியோ எங்க கிடக்கு" எண்டு கேக்கிறார். அவருக்கு நாளைக்குச் சொல்லுவம். அந்தப் பிள்ளையின்ர வீடியோவை எடுப்பிக்க ஏலாதோ?

ராப்பறவை:
ஏலும். யூடியூப்பில தனியுரிமை முறைப்பாடு எண்டு ஒண்டு இருக்கு. பக்கத்து வீட்டார் போட்டுச் சரிவராது, படத்தில இருக்கிறவவே போடவேணும். சின்னப்பிள்ளைக்குத் தாய் போடலாம். ஏத்தினவனுக்கு 48 மணித்தியாலம் தவணை குடுத்து, அவன் எடுக்காட்டி யூடியூப்காரர் பாப்பினம். முகமும் பேரும் வாற இடம் எத்தினையாவது நிமிசம், எத்தினையாவது செக்கன் எண்டு எழுதவேணும்.

கண்டாவளையாள்:
எனக்கு உந்தப் படிவம் ஒண்டும் விளங்காது தம்பி. அவளுக்கும் அப்பிடித்தான்.

பம்புக்காரன்:
அக்கா, நாளைக்குப் பின்னேரம் பரந்தனுக்குப் பம் சாமான் எடுக்க வாறன். அப்பிடியே அங்கால வந்து எழுதித் தாறன். அந்த வீடியோவைத் தேடி எடுத்து வையுங்கோ.