சந்தியில கமெரா போடப்போறம், அம்புலன்ஸ்காரருக்கும் உதவுற மாதிரி எப்பிடிப் போடலாம்?

கொக்குவில்பெடியன்:
வணக்கம். எங்கட சனசமூக நிலையத்தால வாற மாசம் சந்தியிலயும் ஒழுங்கை வாசல்களிலயும் நாலு கமெரா போடப்போறம், காசு வெளிநாட்டில இருக்கிற ஊர்க்காரர் அனுப்பினது. கள்ளரைப் பிடிக்கத்தான் எண்டு தொடங்கின கதை, ஆனா எனக்கு மனசில கிடக்கிறது வேற. போன மாரியில ஒரு இரவு கறண்ட் இல்லை, மழையும் ஊத்துது, எங்கட ஒழுங்கை மதகடியில மோட்டச்சைக்கிளோட ஒரு பெடியன் விழுந்து கிடந்தவன். 1990 எண்ட அம்புலன்ஸ் நம்பருக்கு அடிச்சு அம்புலன்ஸும் கெதியா வந்திட்டுது, ஆனா அங்கால ஒழுங்கைக்குள்ள போய் திருப்ப இடமில்லாமல் அப்பிடியே பின்னுக்கு வந்து, பிறகு வழி கேட்டு, இருபது நிமிசம் போட்டுது. சந்தியில ஒரு கடையில கமெரா இருந்தது, கறண்ட் போனதோட அதுவும் நிண்டுட்டு. பெடியன் தப்பிட்டான், கால்தான் இன்னும் சரிவரேல்ல. இப்ப போடுற கமெராவால இப்பிடியான நேரத்தில வாறவைக்கு ஏதும் காட்ட ஏலுமோ? தெரிஞ்சவை சொல்லுங்கோ.

சுன்னாகம்வயரிங்:
தம்பி, முதல்ல பற்றரியைப் பார். நாலு கமெரா, ரெக்கோடர், ரவுட்டர் எல்லாம் சேத்தா கிட்டத்தட்ட 50 வாட் இழுக்கும். கொம்பியூட்டருக்கு வைக்கிற சின்ன யூபிஎஸ்ஸுக்குள்ள 12 வோல்ட் 7 ஆம்பியர்தான், ஒரு மணித்தியாலத்தோட சரி. 100 ஆம்பியர் பற்றரியும் இன்வேட்டரும் வைச்சா அரைவாசிக்கு மேல இறக்காமலே ஒரு இரவு ஓட்டலாம். மழைக்கு கறண்ட் போற ஊரில கமெராவை விட இதுக்குத்தான் நான் காசு செலவழிப்பன்.

அடுத்தது லென்ஸ். 4 மெகாபிக்சல் கமெராவில 4 எம்எம் லென்ஸ் போட்டா 30 மீட்டரில ஆள் நிக்கிறது விழுந்து கிடக்கிறது தெரியும், முகம் தெரியாது, முகம் வேணுமெண்டா ஆறேழு மீட்டருக்குள்ள வரவேணும். உன்ர தேவைக்கு முகம் வேண்டாம்தானே, றோட்டு தெரிஞ்சாக் காணும். நேரா வாகனம் வாற பக்கம் பாத்து வைக்காத, ஹெட்லைற் அடிச்சு படம் வெள்ளையாப் போகும், கொஞ்சம் சரிச்சு வை. நெற்வேர்க் கேபிள் 100 மீட்டருக்கு மேல இழுக்கவும் கூடாது, நடுவில நெற்வேர்க் சுவிச் ஒண்டு வேணும், அதுக்கும் அந்தப் பற்றரிக்கறண்ட் போகவேணும், இதைத்தான் கனபேர் மறக்கிறவை. பிறகு, போனில பாக்கிறதுக்கு சப்ஸ்ரீமை, அதாவது கமெரா அனுப்புற சின்னப் படத்தை எடு. பெரிய படம் ஒரு கமெராவுக்கே 4 எம்பிபிஎஸ் இன்ரநெற் வேகம் கேக்கும், நாலையும் 4ஜி ரவுட்டரால மேல அனுப்ப வெளிக்கிட்டா மழை நேரம் ஒண்டும் வராது. சின்னப் படம் அரை எம்பிபிஎஸ்ஸோட ஓடும்.

முந்தி_அம்புலன்ஸில:
நான் கொஞ்சக் காலம் அம்புலன்ஸில வேலை செய்தனான், அதால சொல்லுறன், ஓடி வாற ஆக்கள் உங்கட கமெராவைப் பாக்கமாட்டினம். டிரைவர் றோட்டைப் பாப்பார், பின்னுக்கு இருக்கிறவர் சாமானை ஆயத்தப்படுத்துவார். படத்தைப் பாக்கவேண்டியது உங்கட ஊரில ஒராள், அவர் பாத்துப்போட்டு போனில எங்களுக்கு வாயால சொல்லவேணும். நாங்கள் கேக்கிறது மூண்டு நாலு விசயம்தான்: எந்தப் பக்கத்தால உள்ளுக்கு வரலாம், எத்தினை பேர், ஆராவது வாகனத்துக்கு கீழ மாட்டிக்கிடக்கினமோ, கறண்ட் வயர் அறுந்து கிடக்கோ. கடைசிக் கேள்விக்கு பிழையான மறுமொழி வந்தா எங்களுக்கே உயிர்ப் பிரச்சினை.

அதால கமெராவை ஒழுங்கைக்கு உள்ளுக்குப் போடாமல் ஒழுங்கை தொடங்கிற வாசலைப் பாத்துப் போடுங்கோ, மதகில வெள்ளம் எவ்வளவு ஏறி நிக்குது எண்டு தெரியவேணும், மதகுச் சுவரில அரை அடிக்கொரு கோடு பெயின்ற் அடிச்சு விட்டா இன்னும் நல்லம். 2020இல புரெவிப் புயல் வந்த நேரம் எந்த றோட்டால போகலாம் எண்டு ஆக்களைக் கேட்டுக் கேட்டுத்தான் எங்கயும் போகவேண்டியிருந்தது. தீயணைப்பு வாகனம் அம்புலன்ஸை விட அகலம், அது எந்த ஒழுங்கைக்குள்ள போகாது எண்டு இப்பவே அளந்து எழுதி வையுங்கோ. ஒவ்வொரு ஒழுங்கை வாசலிலயும் லைற் பட்டா மினுங்கிற நம்பர் பலகை ஒண்டு நட்டுவிட்டா அந்த இரவு உங்களுக்கு நடந்தது நடந்திருக்காது.

மானிப்பாய்அக்கா:
எல்லாம் நல்லதுதான் தம்பியவை, ஆனா ஒண்டை யோசியுங்கோ. எங்கட பக்கம் இப்பிடிப் போட்ட ஒரு கமெரா ஒரு வீட்டுக் கிணத்தடியைப் பாத்துக்கொண்டு ரண்டு மாசம் இருந்தது, அந்தப் பிள்ளையள் குளிக்கிற இடம். ஆரும் வேணுமெண்டு செய்யேல்ல, ஆனா பாத்துக்கொண்டுதான் இருந்தது. வேலிக்கு மேலால தெரியிற வளவுகளை ரெக்கோடரிலயே கறுப்புக்கட்டம் போட்டு மறைக்கலாம், போடுற அண்டைக்கே அந்தந்த வீட்டுப் பொம்பிளையளைக் கூப்பிட்டுக் காட்டிப்போட்டு விடுங்கோ. பாஸ்வேர்ட் ஆரிட்ட எண்டதும் எழுத்தில இருக்கட்டும். விபத்தில கிடக்கிற ஆளின்ர படத்தை ஊர் வாட்ஸ்அப் குறூப்பில போடுறதெண்டா தயவுசெய்து கமெராவே போடவேண்டாம், தாய் தகப்பன் அதில பாத்துத்தான் அறியிற நிலைமை ஆருக்கும் வரக்கூடாது.

சுன்னாகம்வயரிங்:
அக்கா சொன்னதோட இன்னொண்டு, பாஸ்வேர்டை வயரிங் செய்தவனிட்ட மட்டும் விடாதேங்கோ, அவன் வெளிநாடு போனா முடிஞ்சுது. ரெக்கோடர் நேரமும் சரியா ஓடவேணும், பத்து நிமிசம் பிந்தி ஓடினா பிறகு பொலிஸ் கேக்கேக்க சிக்கல். இரவில லைற்றுக்கு சிலந்தி வந்து கண்ணாடியில வலை கட்டும், மாசம் ஒருக்கா தடியில துணி கட்டித் துடை.

கொக்குவில்பெடியன்:
எல்லாருக்கும் பெரிய நன்றி. நேற்று நிலையத்தில கதைச்சனாங்கள். நாலை மூண்டாக்கி மிச்சக் காசுக்கு பெரிய பற்றரியும் பதினொரு ஒழுங்கைக்கும் நம்பர் பலகையும். மூண்டு பேரின்ர போனில மட்டும் படம் வரும், அதில ஒராள் மதகுக்கு முன்வீட்டு ரீச்சர், அவ எந்த நேரமும் வீட்டில நிக்கிறவ. கிணத்தடிக் கதையை அம்மாட்டச் சொன்னன், கமெரா போடுற அண்டைக்கு தானே வந்து நிக்கிறாவாம். அண்ணை, மதகுச் சுவர் பாசி பிடிச்சுக் கிடக்கு, கோடு அடிக்க எந்தப் பெயின்ற் தாங்கும்?